வெள்ளை போர்டு விமானம்

எனக்கு ஒரு விமானம் இருக்கிறது என்று சொன்னால் நம்மவர்கள் முதலில் என் காதையும் கழுத்தையும்தான் பார்ப்பார்கள். அங்கே வைரம் ஒன்றும் மின்னாததைக் கண்டதும், இவள் கதை விடுகிறாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கதை இல்லை. என்ன, முழு விமானம் இல்லை, கால்வாசி. நாலு பேர் சேர்ந்து வாங்கிய பழைய விமானம். மூக்கில் ஒரே ஒரு விசிறி, உள்ளே நாலு இருக்கை. பின்னால் உட்காருகிறவர் தன் முழங்காலைத் தானே கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். என் பங்குக்கு நான் கொடுத்த விலையில் என் ஆபீஸ் தோழி வைத்திருக்கும் பெரிய காரில் பாதிகூட வராது. அவள் காரைப் பார்த்து யாரும் வாயைப் பிளப்பதில்லை.

நான் துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பிராஜெக்ட் மேனேஜர். வீடு அஜ்மானில், வாடகை குறைவு என்பதற்காக. அந்தக் குறைந்த வாடகைக்கு மீதியைத் தினமும் காலையில் ஷார்ஜா நெரிசலில் நின்று கட்டுகிறோம். பறக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எங்கே வந்தது என்று யாராவது கேட்டால், அந்த நெரிசலில் என்றுதான் சொல்வேன். என் கணவருக்கு அந்த ஆசை சுத்தமாக இல்லை. கால் தரையில் படாவிட்டால் அவருக்குக் குமட்டும். நான் விமானி உரிமம் வாங்கியபோதும், பிறகு பங்கு வாங்கியபோதும், "நீ பற, நான் கீழே இருந்து கை ஆட்டுறேன்" என்றார். ஒரே ஒரு தடவை தவிர, சொன்ன சொல் தவறாமல் இன்றுவரை கை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

அஜ்மானிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், மணலுக்கு நடுவே ஒரு சின்ன விமானத்தளம். எங்கள் வண்டி அங்கேதான் நிற்கும். மற்ற மூன்று பங்காளிகளில் ஒருவர் ஓய்வு பெற்ற எமிராத்திப் பெரியவர், இன்னொருவர் பாதி வருஷம் லீவில் இருக்கும் ஆங்கிலேய வாத்தியார். மூன்றாமவர் அஜ்மானில் கிளினிக் வைத்திருக்கும் மலையாளிப் பல் டாக்டர். சட்டதிட்டங்கள் எல்லாம் டாக்டர் பொறுப்பு. பல்லில் ஓட்டை தேடுகிற அதே கண்ணால் ஒப்பந்தத்தில் ஓட்டை தேடுவார், கண்டால் அடைத்துவிடுவார்.

அந்தச் சட்டம் சொல்வது ஒன்றுதான். இது சொந்த உபயோகத்துக்கான விமானம். யாரிடமும் காசு வாங்கிக்கொண்டு ஏற்றக் கூடாது. வேறொரு விமானியிடம் சாவியைக் கொடுத்து வாடகையும் வாங்கக் கூடாது. அப்படி விட வேண்டுமென்றால் அதற்குப் பராமரிப்பு வேறு, காப்பீடு வேறு, அனுமதி வேறு. அதெல்லாம் எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. மீறி வாங்கினால் காப்பீடு செல்லாது, உரிமமும் போய்விடும். ஒருவர் செய்கிற தப்புக்கு நாலு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். காசாக இல்லாமல் பொருளாக வாங்கினாலும் அதே கதி.

இதை அஜ்மான் தமிழர்களுக்குப் புரியவைப்பதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது. விஷயம் வெளியே தெரிந்த மாதத்திலிருந்து எனக்கு வராத கிராக்கி இல்லை. தன் மகன் ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளையை மேலேயிருந்து இறக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். பேரனுக்குக் காது குத்தை வானத்தில் வைத்துக்கொண்டால் என்ன, ஆசாரி வர ஒத்துக்கொண்டுவிட்டார் என்றாள் எதிர் ஃபிளாட் அக்கா. எல்லாரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்வி: "சரி, ஒரு ரவுண்டுக்கு எவ்வளவுதான் வாங்குவ?" வாங்க மாட்டேன் என்றால் விலையை ஏற்றுகிறேன் என்று நினைப்பார்கள். நான் கோபக்காரி. சில பேரிடம் பேச்சு வார்த்தையே நின்றுபோனது.

அப்படியிருக்கும்போதுதான் என் அப்பா விசிட் விசாவில் வந்து இறங்கினார். அம்மா, தம்பி வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இருந்துவிட்டாள். அப்பா தனியாக, ஒரு பையும் ஒரு குடையுமாக வந்தார். அஜ்மானுக்குக் குடை எதற்கு என்று கேட்டதற்கு, வெயில் அங்கே இல்லையா என்று திருப்பிக் கேட்டார்.

அப்பா அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே அவர் கைகாட்டி நிறுத்தாத பஸ் கிடையாது. ஓசி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, மற்றவர்களைத் திட்டும்போது தவிர. ஓசி என்றால் எனக்கு ஒன்று எங்கப்பனுக்கு ஒன்று என்று சொல்வார்கள் அல்லவா, எங்கள் வீட்டில் எனக்கும் கிடையாது, எங்கப்பனுக்கும் கிடையாது. கல்லூரியில் படித்த நாளில் ஒரு கண்டக்டர், செக்கிங் இன்ஸ்பெக்டர் மகள் என்று எனக்கு டிக்கெட் தர மறுத்துவிட்டார். கயத்தாறில் ஏறியது என் அப்பா. பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அபராதம் எழுதினார். என்னிடம் காசு இல்லாததால் அவரே கட்டினார், அந்த வருஷத் தீபாவளிக்கு எனக்கு வர வேண்டிய பட்டுப் பாவாடை பருத்தியாக வந்து சேர்ந்தது. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான்.

இது போதாதென்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பேத்தி பிறந்ததும் சாப்பாட்டுக்கு மட்டும் விலக்கு வந்தது. மற்றபடி அப்பா ஒரு துரும்பைக்கூட எங்கள் வீட்டில் சும்மா எடுத்துக்கொள்ள மாட்டார். வந்த மறுநாளே மீன் மார்க்கெட்டைக் கண்டுபிடித்துவிட்டார். மீன் அவர் செலவு, பால் அவர் செலவு. ஒருநாள் நான் அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே பேத்தி கையில் நோட்டைத் திணித்து, "ஐஸ்கிரீம் வாங்கிக்கம்மா" என்றார். அவள் இங்கேயே வளர்ந்தவள், கணக்காக அந்தக் காசு முழுவதற்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். ஃப்ரீசரில் கறி வைக்க இடமில்லாமல் போனது.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அவர் ஊருக்குத் திரும்புவதற்குள் என் பக்கத்து இருக்கையில் அவரை உட்கார வைத்து ஒரு தடவை பறந்துவிட வேண்டும். என் பட்டமளிப்பு விழாவுக்கு அவர் வரவில்லை, அன்று டூட்டி. நான் மேற்பார்வை பார்த்துக் கட்டிய கட்டடங்களை வாட்ஸ்அப்பில் பார்த்து கட்டைவிரல் போடுவார். நான் ஒரு வேலையைச் செய்யும்போது அவர் பக்கத்திலிருந்து பார்த்ததே கிடையாது. ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகும் இப்படி ஒரு ஆசை இருப்பது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். நாளைக்குக் காலையில் பறக்கப் போகலாமா அப்பா என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே, டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். டிக்கெட் கிடையாது என்றேன். அப்படியானால் வரவில்லை என்றார். பேச்சு அவ்வளவுதான், எழுந்து போய் டிவி போட்டுவிட்டார்.

நான் விடுவேனா. ஒப்பந்தத்தை எடுத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுத்து பொடி, அவர் கண்ணாடிக்கு எட்டவில்லை. நானே தமிழில் சொன்னேன். நான் ஓட்டும்போது ஏறுகிறவரிடம் நான் காசு வாங்கக் கூடாது, வாங்கினால் என் உரிமம் போய்விடும் என்று சுருக்கிச் சொன்னேன். அவர் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். சட்டம் என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

"அப்ப இது வெள்ளை போர்டு வண்டின்னு சொல்லு" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் இத்தனை நாள் ஊருக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னதை அவர் ஒரே வார்த்தையில் பிடித்துவிட்டார். நம் ஊரில் வாடகைக் காருக்கு மஞ்சள் போர்டு, சொந்தக் காருக்கு வெள்ளை போர்டு. வெள்ளை போர்டு வண்டியில் சவாரி அடித்தால் குற்றம். அதேதான் அப்பா, அதேதான் என்றேன். நல்ல சட்டம், இப்படித்தான் இருக்க வேண்டும், நம்ம ஊரில் எவன் மதிக்கிறான் என்று நாலு வெள்ளை போர்டு முதலாளிகளைத் திட்டித் தீர்த்தார். எல்லாம் முடிந்ததும், காசு வாங்கக் கூடாது என்றால் வெளியாளை ஏற்றாமல் இருப்பதுதான் முறை என்று சொல்லி மறுபடி டிவியைப் போட்டார்.

வெளியாள் என்று சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன், பாதிக்கு மேல் கோபத்தில். அவர் காசு கொடுக்காமல் ஏற மாட்டார், நான் காசு வாங்கினால் ஏற்ற முடியாது. ஒரு நேர்மையை எதிர்த்து இன்னொரு நேர்மை மல்லுக்கு நின்றால் நடுவில் இருக்கிறவள் என்ன செய்வது.

அடுத்த ஞாயிறு பல் டாக்டரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அப்பாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போனது. டாக்டருக்குத் தமிழ் தெரியும், மலையாள வாசனையோடு. இரண்டு பேரும் விதிகளைப் பற்றியே பேசினார்கள். டிக்கெட்டில்லாமல் வருகிறவனைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி என்று அப்பா சொல்ல, பல் வலியை மறைக்கிறவனைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான் என்றார் டாக்டர். இவரும் பங்காளியா என்று அப்பா என்னிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் அப்பாவுக்குப் பல் வலித்தது. என் கணவர்தான் கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார். சுத்தம் செய்துகொண்டு பளபளவென்று வந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, சனிக்கிழமை பறக்கப் போகலாம் என்று தானாகவே சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தெய்வமே வந்து சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. ஏன் மனம் மாறியது என்று கேட்டு அதைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை. காற்று சாதுவாக இருந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, வேலிக்கு வெளியே என் கணவரோடும் மகளோடும் நின்றார். நான் விமானத்தைச் சுற்றி வந்து, எண்ணெய் பார்த்து, சக்கரம் பார்த்து, பறப்பதற்கு முன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன். அப்பா பார்க்கிறார் என்பதால் வழக்கத்தைவிட நிமிர்ந்து நின்று செய்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேரத்தில் பல் டாக்டரின் கார் புழுதியோடு வந்து நின்றது. கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி நேராக என்னிடம் வந்து ஒரு கவரை நீட்டினார். கிளினிக் ரிசப்ஷன் பெண் மேசை டிராயரில் போட்டு மறந்துவிட்டாளாம், இன்று காலையில்தான் எடுத்துக் கொடுத்தாளாம்.

கவரின் மேல் பெரிய ஆங்கில எழுத்தில், என் அப்பாவின் கையெழுத்தில், "ஃப்ளைட் சார்ஜ், ஒன் ஃபுல்" என்று எழுதியிருந்தது. உள்ளே திர்ஹம் நோட்டுகள். மொய்க் கவரில் வைப்பது போல, கூட ஒற்றை நாணயம்.

டாக்டர் என்னிடம் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கோபப்பட்டு மனதை ஆற்றியிருப்பேன். ஏறப்போகிறவர் ஒருவர் பங்காளிக்குப் பணம் கொடுத்திருக்கிறார், திருப்பிக் கொடுத்தாலும் இன்றைக்கு இந்தப் பயணம் சரியில்லை, மன்னிக்கணும் சேச்சி என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். விதியை எழுதும்போது நானும் கையெழுத்துப் போட்டவள்தானே.

கவரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியருகே போனேன். அப்பா முகத்தைப் பார்த்ததுமே அவர் செய்த வழி எனக்குப் புரிந்துவிட்டது. ஓட்டுகிறவள் வாங்கக் கூடாது என்றுதானே நான் சொன்னேன். பங்காளி வாங்கக் கூடாது என்று சொல்லவில்லையே. மகள் வீட்டுக்கும் கடன்படாமல், மகளின் உரிமத்துக்கும் பங்கம் வராமல், பல் வலி என்று கிளினிக்குக்குப் போய், சந்தில் புகுந்து டிக்கெட் எடுத்திருக்கிறார். நான் கத்தினேன். எங்கள் ஊர்ப் பாஷையில், மணலில் நின்றுகொண்டு, என் மகள் அதுவரை கேட்டிராத சொற்களையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். கடைசியில் "கலாஸ், இன்னிக்கு ஒண்ணும் கிடையாது, எல்லாரும் கார்ல ஏறுங்க" என்று முடித்தேன்.

அப்பா டாக்டரிடம் போய், தெரியாமல் செய்துவிட்டேன், அபராதம் எவ்வளவு என்று கேட்டார். அபராதம் ஒன்றுமில்லை, கவரை வாங்கிக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். அபராதமே இல்லாத குற்றம் அப்பாவை ரொம்பவும் வாட்டிவிட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் மற்றவர்களை இறக்கிவிட்டவர், இப்போது ஏறுவதற்கு முன்பே இறக்கிவிடப்பட்டுக் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

என் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு அவர் காரில் போனார். அப்பா என்னோடு வந்தார். பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். அங்கே கரக் சாயா, ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய பால் டீ, நன்றாக இருக்கும். காசை அப்பா கொடுத்தார், கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். காருக்குள்ளேயே ஏசியைப் போட்டு உட்கார்ந்து குடித்தோம்.

"மாப்ள கோவமா இருக்காகளோ" என்று கேட்டார்.

அவருக்கு என்ன கோபம் என்று புரியாமல் கேட்டேன். அப்பா காகிதக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவுக பொருள்ல நான் ஓசில ஏறி உக்காந்தம்னா, நாளப்பின்ன ஒன்னைய ஒரு சொல்லு சொல்லிப்புடக் கூடாதுல்லம்மா. ஒங்கப்பன் வந்தான், தின்னான், பறந்துட்டுப் போனாம்னு. அதுக்குத்தான்."

இத்தனை நாள் அது பிடிவாதம் என்றும், வீம்பு என்றும், என்னை வெளியாளாக வைக்கிற புத்தி என்றும் நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். மனுஷன் பேத்தி கையில் திணித்த நோட்டு, வாங்கிப் போட்ட மீன், பால் எல்லாம் என் பேருக்கு வாங்கிய டிக்கெட். எவனும் வந்து என்னை இறங்கு என்று சொல்லிவிடக் கூடாது.

"அப்பா, அது அவர் விமானம் இல்ல" என்றேன். "அதுல அவருக்கு ஒரு ஸ்குரூகூடக் கிடையாது. என் சம்பளத்துல, என் பேர்ல, நான் வாங்குனது. அவர் ஏறுனாக்கூட எனக்கு விருந்தாளிதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு ஒரு விமானம் இருக்கிறது என்று போனில் சொன்னேன். எங்களுக்கு என்றால் ஊரில் அதற்கு மாப்பிள்ளைக்கு என்றுதானே அர்த்தம். ஓட்டுவது நான் என்று தெரியும். காரை நான் ஓட்டுவதில்லையா, அதுபோல மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்ததை மகள் ஓட்டுகிறாள் என்று நினைத்திருக்கிறார்.

சாயா ஆறியது.

"அப்ப மாப்ளையும் ஓசியா?" என்றார்.

"ஓசிதான். ஒரே தரம் ஏறுனார். அதுலயும் வாந்தி எடுத்தார்."

அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்கில் ஆகிறது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, கோப்பையைத் தட்டிவிட்டு, என் காரின் இருக்கையெல்லாம் சாயா. இன்னும் அந்தக் கறை போகவில்லை, நானும் பெரிதாகத் தேய்க்கவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாலில் ஒரு பங்கு என்றால் உன் பங்கு எந்தப் பக்கம், இறக்கையா வாலா என்று கேட்டார். இன்ஜின் என்று சொல்லிவைத்தேன்.

அவர் கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு வாரக் கடைசிதான் பாக்கி. டாக்டரிடம் முன்கூட்டியே பேசினேன். கவர் வந்த இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது என்றும், இந்தத் தடவை வேறு எந்தக் கவரும் இல்லை என்றும் உறுதி சொன்ன பிறகு, சந்தோஷமாகப் போய்வாருங்கள் என்றார். அன்று காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அப்பா தன் பர்ஸை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தார். சட்டைப் பையையும் தட்டிப் பார்த்துக்கொண்டார். கையில் இருந்தால் மனசு கேட்காது மாப்பிள்ளை என்றார். என் கணவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, காதுக்குக் கருவி மாட்டி, எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் சரி என்று தலையாட்டினார். கட்டுப்பாட்டு அறையோடு நான் ஆங்கிலத்தில் பேசும்போது வாயை இறுக மூடிக்கொண்டார், தன் மூச்சுச் சத்தம் குறுக்கே போய்விடக் கூடாது என்பது போல. ஓடுபாதையில் வேகம் எடுத்தபோது மட்டும் குலசாமியைக் கூப்பிட்டார். அது என் காதுக் கருவியில் தெளிவாகக் கேட்டது.

மேலே போன பிறகு வெகுநேரம் அவர் வெளியே பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தார். கை போகிற இடமெல்லாம் அவர் கண் போனது. உம்மல் குவைன் பக்கம் கடல் நிலத்துக்குள் புகுந்து அலையாத்திக் காடுகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் அவ்வளவு ஆழமில்லை, அடிமணல் தெரியும். கீழே பாருங்கள் அப்பா என்றேன். பார்த்தார். நெற்றி ஜன்னலில் முட்டுகிற அளவுக்குக் குனிந்துகொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் என்னைப் போல் சந்தோஷமாக இருந்தவள் வளைகுடா முழுவதிலும் யாரும் இருந்திருக்க முடியாது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலை தெரிந்தது. அதில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸை உற்றுப் பார்த்துவிட்டு, நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்துகிறான் பார் என்று குறை சொன்னார். அவ்வளவு உயரத்தில் இருந்து நிறுத்தம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

தரையிறங்கி, இன்ஜினை நிறுத்தி, நாங்கள் இறங்கும்போது ஒரு அதிகாரி எங்களை நோக்கி வந்தார். அவ்வப்போது வருவார்கள், ரொம்ப மரியாதையாகத்தான் கேட்பார்கள். தனியார் விமானத்தில் யாராவது காசு வாங்கிச் சவாரி அடிக்கிறார்களா என்று பார்ப்பது அவர்கள் வேலை. என் உரிமத்தைப் பார்த்தார், விமானத்தின் காகிதங்களைப் பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அப்பாவிடம் போனார். பயணியைத் தனியாகத்தான் கேட்பார்கள். நான் சக்கரம் உருளாமல் கட்டை வைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

இந்தப் பயணத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்பா நேராக நின்றார். பஸ்ஸுக்குள் ஏறி முன்பக்கத்திலிருந்து பார்வையை ஓட்டும்போது அவர் நிற்பாரே, அந்த நிற்பு. இந்தக் கேள்வியை ஆயிரமாயிரம் பேரிடம் கேட்டவர், பதில் சொல்லும் பக்கத்தில் முதல் தடவையாக நிற்கிறார். இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழுமா என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நோ மணி சார்" என்றார், பஸ் முழுக்கக் கேட்கிற குரலில். பிறகு விமானத்தைக் காட்டினார், என்னைக் காட்டினார். "ஷி இஸ் ஓனர். ஷி இஸ் பைலட்."

நீங்கள் யார் என்று கேட்டார் அதிகாரி.

"ஐ ஆம் ஃபாதர் ஒன்லி."

அதிகாரி சிரித்துக்கொண்டே அவர் கையைக் குலுக்கினார். எனக்குச் சக்கரம், கட்டை எல்லாம் கலங்கித் தெரிந்தன. நான் நிமிராமலே கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன், அப்பா பக்கத்தில் வந்து குனிந்து, அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு எதை வைக்க வேண்டும் என்று கேட்கிறவரை.